லென்ஸை மாற்றுவதா, ஊரை மாற்றுவதா? வார இறுதிப் பறவைப் படங்களுக்கு நான்கு இடங்கள்

அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் போன மாதம் வந்து கேட்டார்: "அண்ணே, என் 70-300 லென்ஸ் பத்தவே மாட்டேங்குது. லோன் போட்டு 600 வாங்கிடலாமா?" வேடந்தாங்கலில் எடுத்த படங்களை லேப்டாப்பில் காட்டினார். பச்சை மரங்களில் வெள்ளைப் புள்ளிகள். பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி நாரையாகிறது, கண் மட்டும் தெரியவில்லை. லென்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஊரை மாற்றிப் பாருங்கள் என்றேன். எந்த ஊருக்கு, எந்த மாதத்தில், எதற்காக என்று அவரிடம் விவரமாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. லென்ஸின் எண் (மில்லிமீட்டர்) கூடக் கூட தூரத்துப் பறவை படத்தில் பெரிதாகத் தெரியும். நம்மில் பலர் வைத்திருக்கும் க்ராப் சென்சார் கேமராவில், படம் பதியும் அந்தச் சென்சாரின் உயரம் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர். சங்குவளை நாரை நிமிர்ந்து நின்றால் சுமார் ஒரு மீட்டர். அது படத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்ப வேண்டுமானால், 300 மி.மீ. லென்ஸோடு நீங்கள் 30 மீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். 600 என்றால் 60 மீட்டர். சின்னான் மாதிரி 20 சென்டிமீட்டர் பறவைக்கு 300-ஐ வைத்துக்கொண்டு ஆறு மீட்டருக்கு வர வேண்டும். வேடந்தாங்கல் கரையிலிருந்து கூடுகள் நிறைந்த மரங்கள் பல இடங்களில் நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளி இருக்கும் என்பது என் கணிப்பு. 150 மீட்டரில் நிற்கும் நாரை, லட்சங்களைப் போட்டு வாங்கிய 600-இலும் படத்தின் கால் பங்கு உயரத்துக்குத்தான் வரும். போதாததற்கு, வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேலே காற்று கானலாக நெளிய ஆரம்பித்துவிடும். அந்த நெளிவைச் சரிசெய்யும் லென்ஸ் எந்தக் கடையிலும் கிடையாது.

ஆக, தூரத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு நாம் பறவையை நோக்கிப் போனால் பறந்துவிடும். ஒவ்வொரு பறவைக்கும், இந்தத் தூரத்துக்கு மேல் மனுசன் வந்தால் கிளம்பிவிட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறுகிறது. வயல்வெளியில் எண்பது மீட்டரிலேயே எழும்பிவிடும் அதே சங்குவளை நாரை, கூந்தன்குளத்தில் வாசல் தெளிக்கும் பெண்ணின் தலைக்கு மேல் நின்று குஞ்சுக்கு மீன் கொடுக்கிறது. பறவை ஒன்றுதான், அதைச் சுற்றியுள்ள மனிதர்கள்தான் வேறு. படம் எடுப்பவர்கள் "அங்கே பறவை நல்லா பழகியிருக்கு" என்று சொல்வார்கள். பழகியிருக்கிறது என்றால், அந்த ஊர்க்காரர்கள் பல தலைமுறையாகக் கல்லெடுக்கவில்லை, துப்பாக்கி தூக்கவில்லை என்று அர்த்தம். அவர்கள் சேர்த்து வைத்த நம்பிக்கையில்தான் நாம் போய்ப் படம் எடுக்கிறோம்.

சென்னையிலிருந்து வெள்ளி இரவு கிளம்பி திங்கள் காலை வேலைக்குத் திரும்புகிறவர்களை மனதில் வைத்து நான்கு இடங்களை எடுத்துக்கொள்கிறேன்: வேடந்தாங்கல், ரங்கனதிட்டு, கூந்தன்குளம், உதகை. நான்குக்கும் ஒரு தடவைக்கு மேல் போயிருக்கிறேன். பழவேற்காட்டையும் கோடியக்கரையையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பூநாரைக் கூட்டத்தைக் கண்ணால் பார்க்க அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் பூநாரை மனிதரை நெருங்க விடாது. படகை அதன் பக்கமாக விடச் சொன்னால் மொத்தக் கூட்டமும் மேயும் இடத்தை விட்டு எழுந்துவிடும். "பறக்கும்போது எடுத்தா இன்னும் அழகு" என்று அதற்காகவே படகை விடச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

வேடந்தாங்கலில் இருந்தே தொடங்கலாம். சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குள், ஜிஎஸ்டி சாலையில் படாளம் போய்த் திரும்பினால் போதும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். நாட்டிலேயே பழைமையான நீர்ப்பறவைச் சரணாலயம் என்ற பெயர் இதற்கு உண்டு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையைக் கிராமத்துக்கே எழுதிக் கொடுத்த கவுல் (உரிமைப் பத்திரம்) 1798-ஐச் சேர்ந்தது. ஊர்க்காரர்களுக்கு இதில் சொந்த நன்மையும் இருந்தது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனியாக உரம் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் வெள்ளை அரிவாள்மூக்கனும் கூடு வைக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். என் அனுபவத்தில் டிசம்பர் கடைசியும் ஜனவரியும் உச்சம். மழை பொய்த்த வருஷத்தில் போய் ஏமாறாதீர்கள்.

சரி, மரங்கள் தூரம் என்றால் அங்கே என்னதான் எடுப்பது? அலுவலகத் தம்பி செய்த தவறு மரத்தையே குறிவைத்ததுதான். மாலை நாலு மணிக்கு மேல் இரைதேடப் போன பறவைகள் திரும்பி வரும். கரையைக் கடக்கும்போது பல பறவைகள் தலைக்கு மேல் இருபது, முப்பது மீட்டரில் போகும். அப்போது 300 தாராளம். ஷட்டர் வேகம் 1/2000, தொடர் குவியம் (பறவை நகர நகர ஃபோகஸும் கூடவே நகரும் முறை), நத்தைகுத்தியின் வெள்ளை வெளிறிப் போகாமல் இருக்க எக்ஸ்போஷரை முக்கால் படி குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாலையில் முந்நூறு தடவை பயிற்சி கிடைக்கும். இந்த எண்ணிக்கையில் பறவைகள் உங்களைக் கடந்து பறக்கும் இடம் சென்னைக்குப் பக்கத்தில் வேறு இல்லை. பறக்கும் பறவையை எடுக்கக் கற்றுக்கொள்ள வேடந்தாங்கல்தான் பள்ளிக்கூடம்.

திரும்பும் வழியில் காரை விட்டு இறங்காமல் வயலோரம் மெதுவாக வாருங்கள். மின்கம்பியில் பனங்காடையும் மீன்கொத்தியும் உட்கார்ந்திருக்கும். கார் கண்ணாடி வழியே எடுத்தால் கண்டுகொள்ளாது, கதவைத் திறந்தால் போய்விடும். பத்து கிலோமீட்டருக்குள் கரிக்கிளி இருக்கிறது. கூட்டம் குறைவு, வாத்துகள் அதிகம், ஆனால் அவையும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல் கரையில் நிற்க இடம் இருக்காது. ஒரு தடவை ஒரு குழு கைதட்டி, விசிலடித்துப் பறவைகளை எழுப்பப் பார்த்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர்தான் சத்தம் போட்டு நிறுத்தினார். கேமரா வைத்திருந்த நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

அடுத்தது ரங்கனதிட்டு. கர்நாடகத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர், மைசூரிலிருந்து இருபதுக்குள். பெயரில் உள்ள திட்டு நம்ம திட்டுதான். 17-ஆம் நூற்றாண்டில் காவிரியின் குறுக்கே அணை கட்டியபோது உண்டான சின்னச் சின்ன ஆற்றுத் திட்டுகள். பறவையியலாளர் சாலிம் அலி எடுத்துச் சொன்னதன் பேரில் மைசூர் அரசு 1940-இல் சரணாலயமாக்கியது. வெள்ளி இரவு காவேரி எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை காலை மைசூர்.

இந்த இடத்தின் சிறப்பு துடுப்புப் படகு. மோட்டார் சத்தம் இல்லாமல் திட்டுகளை ஒட்டிப் போகும். கூழைக்கடா, துடுப்புவாயன், சங்குவளை நாரை, பாம்புத்தாரா எல்லாம் படகைப் பார்த்துப் பழகியவை. இருபது மீட்டரில், சில நேரம் அதற்கும் கிட்டத்தில், தன் போக்கில் இறகு கோதிக்கொண்டிருக்கும். நீங்கள் தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் பறவையின் கண்ணும் உங்கள் லென்ஸும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். படம் எடுப்பவருக்கு இது பெரிய வரம். மேலே அண்ணாந்து எடுத்த படத்தில் வயிறும் வெள்ளை வானமும்தான் மிஞ்சும். மட்டத்திலிருந்து எடுத்தால் பின்னணி தூரத்து மரங்களின் பச்சையாக மங்கி, பறவை தனியாக எழுந்து வரும். பாறைமேல் வாய் திறந்து கிடக்கும் முதலையையும் எடுக்கலாம். கையைத் தண்ணீரில் விடாதீர்கள் என்று படகுக்காரர் சொல்வதை அப்படியே கேளுங்கள்.

குறை என்னவென்றால் நேரம். பொதுப் படகில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறக்கிவிடுவார்கள், படகு நிற்கும் இடத்தை முடிவு செய்வதும் உங்கள் கையில் இல்லை. படம் எடுப்பவர்களுக்கென்று தனிப் படகு வாடகைக்கு உண்டு. செலவு கூடுதல். ஆனால் மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் கட்டுப்படியாகும், நான் அதைத்தான் சொல்வேன். காலையில் முதல் படகுக்கே போய் நில்லுங்கள். படகு ஆடுவதால் ட்ரைபாட் பயன்படாது. ஷட்டர் வேகத்தை 1/1600-க்குக் கீழே இறக்காதீர்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை கூடு கட்டும் காலம், அப்போது ஆற்று ஆலாக்களும் பாறைகளில் இருக்கும். தென்மேற்குப் பருவமழையில் மேலே கேஆர்எஸ் அணையைத் திறந்துவிட்டால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போவதாக இருந்தால் கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். குழந்தைகளோடு, வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கு நான்கில் இதுதான் பொருத்தம். நடை குறைவு, நிழல் உண்டு, மைசூரில் தங்கவும் சாப்பிடவும் கவலை இல்லை.

இனி கூந்தன்குளம். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நான்கில் என் மனது இங்கேதான் இருக்கிறது.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில், திருநெல்வேலியிலிருந்து 38 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். குளம் பெரிது, மணிமுத்தாறு தண்ணீர் வந்தால்தான் நிறையும். ஆனால் அதிசயம் குளத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது. வேம்பு, கருவேலம், புளி என்று வீட்டு வாசலிலும் கொல்லையிலும் நிற்கும் மரங்களில் சங்குவளை நாரைகள் கூடு கட்டுகின்றன. மரத்துக்குக் கீழே ஆடு கட்டியிருக்கும், பைக் நிற்கும், பிள்ளைகள் விளையாடுவார்கள். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று நம்புகிறார்கள். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்க்கும் வழக்கமும் உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிக்காரர்களும் இப்படித்தான் வெடியை விட்டுக்கொடுத்தவர்கள். ஆனால் வாசலுக்கே பறவை வந்து குடியிருப்பது கூந்தன்குளத்தில்தான்.

இரண்டு வருஷம் முன்பு மார்ச் மாத மத்தியான வெயிலில் ஒரு வேப்பமரத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்த ஆச்சி கூப்பிட்டார். "எங்கேருந்து வாரீய தம்பி? வெயில்ல நிக்காதீய, இங்கன நிழலுக்கு வாங்க." போய் உட்கார்ந்தேன். செம்பில் தண்ணீர் கொடுத்தார். திண்ணையிலிருந்து பார்த்தால் கூடு நேர் எதிரே, பதினைந்து மீட்டர்கூட இருக்காது. தாயோ தகப்பனோ, ஒரு நாரை கூட்டின் விளிம்பில் சூரியனுக்கு முதுகைக் காட்டி, இறக்கையைப் பாதி விரித்து அசையாமல் நின்றது. அந்த இறக்கையின் நிழலில் மூன்று குஞ்சுகள். சூரியன் நகர நகர அதுவும் காலை மாற்றி மாற்றி வைத்துத் திரும்பியது. அலகு லேசாகத் திறந்து தொண்டை துடித்துக்கொண்டிருந்தது. "காலையிலேருந்து அப்படித்தான் நிக்கிது, பாவம். இன்னொண்ணு மீனுக்குப் போயிருக்கு" என்றார் ஆச்சி. தரையில் மீன் செதிலும் எச்சமும் வெள்ளையாகப் படிந்து கிடந்தன. வாடையைப் பற்றிக் கேட்டேன். "அது மூணு மாசம். பெறவு அது போயிட்டா வீடு வெறிச்சுன்னு இருக்கும்லா" என்றார்.

அன்றைக்கு எடுத்த படத்தில் நாரையின் முதுகருகே உள்ள ரோஜா நிறச் சிறகுகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. 300-ஐ 220-க்குக் குறைத்து எடுத்த படம் அது. அந்த நிழலைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. நாம் நெருக்கடி கொடுத்து அந்தப் பறவை ஐந்து நிமிஷம் பறந்து போனாலும் குஞ்சுகள் மேல் நேராக வெயில் விழும். பக்கத்துக் கிளையில் காகம் காத்திருக்கிறது. கூட்டில் பறவை இருக்கும் படமே எடுக்கக் கூடாது என்று சொல்லும் போட்டிகளும் குழுக்களும் பல உண்டு, அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. கூந்தன்குளத் தெருவில் நடந்தாலே கூடுகள்தான் என்பதால், நான் எனக்கென்று ஒன்றை வைத்திருக்கிறேன்: ஊர்க்காரர் அன்றாடம் நிற்கும் இடத்தில் மட்டும் நிற்பது. ஆச்சியின் திண்ணை சரி. மரத்தடியில் ஏணி வைப்பது தவறு. மாடிக்கு வீட்டுக்காரர் அழைத்தாலும், நான் ஏறியதும் பறவை கோதுவதை நிறுத்திக் கழுத்தை நீட்டி என்னையே பார்த்தால் இறங்கிவிடுவேன். கழுத்து நீண்டால் அது பயந்துவிட்டது என்று பொருள். அதற்கடுத்தது எழுந்து நிற்பது, அதற்கடுத்தது பறப்பது.

கூந்தன்குளத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். மரங்கள் உயரம் என்பதால் பல கோணங்கள் அண்ணாந்தவை, பின்னணியில் வெளிறிய வானம். காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் மட்டுமே வெளிச்சம் நயமாக இருக்கும். தங்க திருநெல்வேலிக்குத்தான் திரும்ப வேண்டும். கையில் சாப்பாடு கொண்டுபோவது நல்லது. வண்டிச் செலவும் ஆகும். குளத்தில் தண்ணீர் இல்லாத வருஷம் பறவை வராது, அல்லது வந்துவிட்டுக் கிளம்பிவிடும். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் அந்த மாதப் பதிவுகளைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். கூடுகளுக்கு பிப்ரவரியிலிருந்து மே வரை.

இன்னொன்று. ஜனவரி வாக்கில் குளத்தில் வரித்தலை வாத்துகள் இருக்கும். இமயத்தைத் தாண்டி மத்திய ஆசியாவிலிருந்து வருகிறவை. தெருவில் நாரை பழகியிருப்பதைப் பார்த்துவிட்டு வாத்தும் அப்படித்தான் என்று நினைத்து, முதல் தடவை நான் கரையை விட்டு இறங்கிச் சேற்றில் நடந்தேன். நூறு மீட்டர் இருக்கும்போதே கூட்டம் மொத்தமாக எழும்பி அக்கரைக்குப் போய்விட்டது. அந்தக் காலை முழுவதும் அவை திரும்பவில்லை. நாரைக்குக் கிடைத்த நம்பிக்கை வாத்துக்கு இல்லை. அது போகும் வழியெல்லாம் வேறு வேறு மனிதர்களைப் பார்த்து வருகிறது. ஒரே ஊரில் ஒரு பறவைக்குப் பதினைந்து மீட்டர், இன்னொன்றுக்கு நூறுக்கும் மேல். இதை நேரில் பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன், வாத்துகளுக்குக் கரையிலிருந்து பைனாகுலர் போதும்.

உதகை வேறு மாதிரி. மேலே சொன்ன மூன்றும் பெரிய நீர்ப்பறவைகள். உதகையில் உள்ளங்கைக்குள் அடங்கும் சோலைப் பறவைகள், அதிலும் மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. நீலகிரிச் சிரிப்பான் அவற்றில் நன்றாகப் பழகியது. தொட்டபெட்டா பக்கத்து டீக்கடைகளில் நீங்கள் டீ குடிக்கும் பெஞ்சுக்குக் கீழேயே தத்தித் தத்தி வரும். வெள்ளைப் புருவமும் செம்பழுப்பு வயிறும் கைக்கெட்டும் தூரத்தில். குளிரில் புஸ்ஸென்று இறகை உப்பிக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்க்கும். "தினம் வருங்க, கடை தொறக்கறதுக்கு முன்னாடியே வந்துடும்" என்றார் ஒரு கடைக்காரர். ஆறு மீட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டோமே, இங்கே அது மூன்று மீட்டருக்கே வந்து, 300-இல் முழுப் பறவையும் படத்துக்குள் அடங்காமல் நாம் பின்னால் நகர வேண்டியிருக்கும்.

வர்க்கியைப் பிய்த்துப் போடாதீர்கள். போட்டால் இன்னும் கிட்ட வரும் என்பது உண்மைதான். ஆனால் ரோட்டோரக் கடையில் தீனிக்குப் பழகிய பறவை வண்டிச் சக்கரத்துக்கும் பூனைக்கும் பக்கத்தில் வந்துவிடுகிறது. போடாமல் இருந்தாலும் அது வரத்தான் செய்கிறது. பத்து நிமிஷம் தரையில் உட்கார்ந்தால் போதும். அந்தப் பத்து நிமிஷம்தான் படத்தின் கோணத்தையும் சரிசெய்கிறது.

கெய்ர்ன்ஹில் மாதிரியான சோலை ஓரங்களில் கறுப்பும் ஆரஞ்சுமாக ஓர் ஈப்பிடிப்பான் இருக்கிறது. புதருக்குள் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், தாழ்ந்த குச்சியில் உட்காரும். அதற்கு மனிதப் பயம் குறைவு. ஆனால் வெளிச்சமும் அங்கே குறைவு. மூடிய சோலையில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200 வைத்தாலும் ஷட்டர் 1/100 பக்கம்தான் கிடைக்கும். முதலில் எனக்குப் படமெல்லாம் கலங்கலாக வந்தது. அப்புறம்தான் கவனித்தேன், அது ஒரு குச்சியில் உட்கார்ந்தால் சில வினாடிகள் சிலை மாதிரி இருக்கிறது. தலையைத் திருப்பி நிறுத்தும் நொடியில் அழுத்தினால் 1/60-இலும் கண் கூர்மையாக வருகிறது. முழங்காலை ஊன்றி, முழங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டால் போதும். மொபைலில் பறவையின் குரலை ஒலிக்க விட்டு வரவழைப்பவர்களை இங்கே அதிகம் பார்க்கிறேன். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துத்தான் அது வெளியே வருகிறது. இரையையும் இணையையும் விட்டுவிட்டு இல்லாத எதிரியோடு சண்டைக்கு நிற்கிறது. ஒரே இடத்தில் ஒவ்வொரு சனி ஞாயிறும் பத்துப் பேர் இதைச் செய்தால் அந்தப் பறவையின் நிலைமை என்ன?

உதகைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வந்து பஸ் ஏறலாம். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் கட்டாயம். ஏப்ரல், மே சீசனில் வார இறுதிக் கூட்டத்தில் போக்குவரத்திலேயே நாள் போய்விடும், பறவைக்காக அப்போது போகாதீர்கள். நவம்பர் பாதியிலிருந்து மார்ச் வரை காலை வானம் தெளிவாக இருக்கும். தண்ணீருக்குச் சொந்த பாட்டில் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பாட்டில் மாவட்டத்துக்குள் கூடாது.

கேரளத்துத் தட்டேக்காடு பக்கம் தங்குமிடங்களில் 'ஹைட்' என்று மறைவிடம் கட்டி, முன்னால் தண்ணீரும் தீனியும் வைத்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். அதையும் யோசிக்கிறவர்கள் உண்டு. படம் நிச்சயம் கிடைக்கும். ஒரே குச்சி, ஒரே பாசி, ஒரே கோணம் என்பதால் முன்னால் வந்தவர் எடுத்த படமேதான் உங்களுக்கும் கிடைக்கும். தண்ணீர் மட்டும் வைக்கும் இடமானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. உயிருள்ள புழுவைக் கட்டிப்போட்டு வரவழைக்கும் இடமானால் காசைத் திரும்பக் கேட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அலுவலகத் தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்த வரிசை இது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை வேடந்தாங்கல், மரத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து, பறக்கும் பறவைக்குக் கை பழக. மார்ச்சில் ஒரு வார இறுதி கூந்தன்குளம். வீட்டில் மனைவியும் நாலு வயது மகளும் வருவதாக இருந்தால் கூந்தன்குளத்துக்குப் பதிலாக ரங்கனதிட்டு, ஏனென்றால் வெயிலில் அந்தத் தெருவில் குழந்தையை வைத்துக்கொண்டு பொறுமையாக நிற்க முடியாது. உதகை அடுத்த டிசம்பருக்கு, இருட்டுச் சோலையில் ஷட்டரைக் கையாளும் பழக்கம் வந்த பிறகு. மொபைல் மட்டும் வைத்திருப்பவர் யாராவது கேட்டால் முதலில் தொட்டபெட்டா டீக்கடைக்கு அனுப்புவேன். இந்த நான்கையும் முடித்த பிறகும் 600 வேண்டும் என்று தோன்றினால், எதற்காக வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

அவர் மார்ச் இரண்டாம் வாரத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டார், நானும் கூடப் போகிறேன். தொப்பியும், துவைத்தால் கறை போகிற பழைய சட்டையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். மரத்தடியில் நின்றால் எச்சம் விழாமல் இருக்காது. ஆச்சிக்குக் கொடுக்க அந்த நாரைப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு வைத்திருக்கிறேன்.